பாறைக்கு அந்தப் பக்கம்

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்ததுதான் சுகந்தினி செய்த முதல் பிழை. இரத்தினபுரிக்குப் போகிறோம், நாலு பேர் பார்க்கிற இடம் என்று விடிந்ததும் தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தேய்த்து இறுக்கிப் பின்னியிருந்தாள். நூலகத்து வாசிப்பறைக் கதவில் நின்ற மனிதர் அவள் கையைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், மூக்கைச் சுருக்கினார்.

"கைய சவுக்காரம் போட்டு கழுவிட்டு வாங்க மகள். தலையில துண்டொண்டு கட்டிக்கோங்க. உள்ளுக்கு ஈக்கிற கடதாசியெல்லாம் என்ட வாப்பாவ விட வயசு. ஒரு சொட்டு எண்ணெ பட்டுச்சோ, எனக்கு வேலயும் இல்ல, ஒங்களுக்கு வழியும் இல்ல."

ஜமால்தீன் என்று அவர் சட்டையில் குத்தியிருந்த தகட்டில் எழுதியிருந்தது. முஸ்லிம் நானா, தமிழ் பேசுகிறாரே என்று அவளுக்குப் பாதி உயிர் வந்தது. மீதி உயிர் வெளியே மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. அவளுடைய அப்பா இருளப்பன் வெற்றிலை வாயோடு வந்ததால் அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். துப்பிவிட்டு வந்திருக்கலாம். அவர் துப்பவில்லை. "நீ படிச்ச புள்ள, நீ போ" என்று சொல்லி மரத்தடிக்கு நடந்துவிட்டார்.

படித்த பிள்ளை! பத்தாம் வகுப்போடு நின்றவள். அம்மா செத்த பிறகு வீட்டில் சோறாக்க ஆளில்லை என்று நிறுத்தினார்கள். ஊர் ஆள் முன்னால் நாலு வார்த்தை பேசவே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவளைப் போய் இந்த வேலைக்கு அனுப்பியிருந்தார்கள்.

வேலை இதுதான். எஹலியகொடைக்கு மேலே இருக்கும் அவர்களுடைய ரப்பர் தோட்டத்தில் சுடுகாட்டு மேடு என்று ஒரு மேடு உண்டு. தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து செத்தவர்களை அங்கேதான் கொண்டுபோய்ப் புதைக்கிறார்கள். அந்த மேட்டைக் கம்பெனிக்காரர்கள் மாணிக்கக்கல் தோண்டுகிற முதலாளி ஒருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்கள். வார முடிவில் மண் தோண்டுகிற பெக்கோ மெஷின் வருகிறது என்று கேள்வி. தோட்டத்துத் தலைவர் நல்லையா ஆபீசுக்குப் போய்க் கத்தினார். மேனேஜர் துரை ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினார். அதில் அந்த மேடு ரப்பர் காடு. "சுடுகாடு என்றால் எழுத்தில் கொண்டு வா" என்றார். வெள்ளைக்காரன் காலத்துத் தோட்ட வரைபடங்களை எல்லாம் சேர்த்து இரத்தினபுரியில் ஆற்றோரத்துப் பழைய பங்களாவில் ஓர் ஆய்வு நூலகம் வைத்திருக்கிறார்கள், அங்கே போய்ப் பாருங்கள் என்று தொழிற்சங்கத்து ஆபீசில் யாரோ சொன்னார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் 'யாரப்பா வாசிக்கத் தெரிஞ்ச ஆளு?' என்று நல்லையா கேட்டபோது எல்லாருடைய விரலும் இருளப்பன் வீட்டுப் பக்கம் நீண்டது.

ஊருக்கு அது மேடு. சுகந்தினிக்கு அது அம்மா. மூக்காயி பிள்ளைப்பேற்றில் செத்துப்போனாள், பிள்ளையும் வயிற்றோடு போயிற்று. அப்படிச் செத்தவளை மற்றவர்களோடு வைக்கக் கூடாது, வைத்தால் வயிற்றுப் பிள்ளைக்காரிகளைக் கூப்பிடுவாள் என்பது தோட்டத்து வழக்கம். அதனால் மேட்டில் நிற்கிற பெரிய பாறையைத் தாண்டி, அந்தப் பக்கத்துச் சரிவில் புதைத்தார்கள். நஞ்சு குடித்தவர்களும் அங்கேதான். பாறைக்கு அந்தப் பக்கம் யாரும் விளக்கு வைப்பதில்லை. சுகந்தினி மட்டும் விறகுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாள்.

கையைக் கழுவினாள். அப்பாவின் தலைத்துண்டை வாங்கி வந்து தலையில் கட்டிக்கொண்டாள். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பென்சிலைக் கொடுத்தார்கள். பையையும் வாங்கிக்கொண்டார்கள். அடையாள அட்டையும் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் வைத்திருந்த பொலித்தீன் உறையை மட்டும் அவள் விடவில்லை. வடக்கில் சண்டை மறுபடி மூண்டு, வழியெல்லாம் சோதனை நடந்த நேரம். அந்த உறை கையில் இல்லாவிட்டால் உடம்பில் துணி இல்லாத மாதிரி இருந்தது.

வாசிப்பறை நீளமாகக் குளிர்ந்து கிடந்தது. சுவரெங்கும் கண்ணாடி அலுமாரிகள். ஏடுகள், தோல் அட்டைப் புத்தகங்கள், மஞ்சள் படிந்த படங்கள். ஒரு கண்ணாடிக்குள் கூடை சுமந்த பெண்கள் வரிசையாக நிற்கிற படம் இருந்தது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்களாக இருக்குமோ என்று நினைத்தாள். கீழே இருந்த எழுத்தை வாசிக்க நிற்கப் பயமாக இருந்தது. நின்றால் எதற்கு நிற்கிறாய் என்று கேட்பார்கள்.

"என்ன வேணும் செல்லுங்க," என்று ஜமால்தீன் ஒரு துண்டுத் தாளை நீட்டினார். "தோட்டத்துட பேர எழுதுங்க."

சங்கிலித் தோட்டம் என்று எழுதினாள். ஆற்றைக் கடக்கச் சங்கிலிப் பாலம் இருக்கும் தோட்டம், அதனால் சங்கிலித் தோட்டம். அவளுக்குத் தெரிந்து அதற்கு வேறு பெயரில்லை.

அவர் ஒரு தடித்த பட்டியலைப் புரட்டினார். மறுபடி புரட்டினார்.

"அப்பிடி ஒரு தோட்டம் இந்த உலகத்திலயே இல்லயே மகள்."

"இருக்குங்க நானா... நாங்க அங்கதாங்க இருக்கோம்."

"நீங்க இருப்பீங்க. கடதாசியில இல்ல." சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "பஸ்காரன் என்னெண்டு செல்லுவான்?"

"சிங்களத்துல கிரிவத்தன்னு கத்துவாங்க."

"ஆங்! அது ஈக்கி."

உள்ளே போய் ஓர் உருளையோடு வந்தார். துணியில் ஒட்டிய பெரிய தாள். மேசையில் விரித்து நாலு மூலையிலும் மணல் பை வைத்தார். கை படாமல் பார்க்கச் சொன்னார். சுகந்தினி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். துண்டு அவிழ்ந்து விழுந்துவிடுமோ என்று நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

லயங்களை, அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளைத் தேடினாள். பாலத்தைத் தேடினாள். மேட்டைத் தேடினாள். ஆறு தோட்டத்தின் நடுவயிற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அவர்களுடைய ஆறு தோட்டத்துக்குக் கீழே அல்லவா ஓடுகிறது? வெள்ளைக்காரன் காலத்தில் நடுவில் ஓடியிருக்குமோ? ஆறு இடம் மாறுமா? பாறை எங்கேயும் இல்லை. சுடுகாடும் இல்லை. துரை சொன்னதுதான் உண்மையோ? இத்தனை பேரைச் சும்மா கண்ட காட்டில் புதைத்துவிட்டு வந்திருக்கிறோமோ? கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். தூரத்து மேசையில் கண்ணாடி போட்ட ஐயா ஒருவர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டாள். வெயில் யன்னலை விட்டு ஏறி, கூரையைத் தாண்டி, எதிர்ப்பக்கத்து யன்னலுக்கே வந்துவிட்டது. அவள் அதே தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜமால்தீன்தான் வந்து எட்டிப் பார்த்தார். "கெடச்சுதா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது.

"அழாதீங்க, கடதாசி நனையும். ஒங்கட தோட்டம் எந்தப் பக்கம்?"

"எஹலியகொடங்க."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இது கேகாலப் பக்கத்து கிரிவத்த. தேயிலத் தோட்டம். ஏன் மகள் முந்தியே செல்லல்ல? இந்த நாட்டில கிரிவத்த மட்டும் எத்தினயோ ஈக்கி. வெள்ளக்காரன் வெச்ச பேரு வேணும். அந்தப் பேரிலதான் எல்லாத்தயும் கட்டி வெச்சீக்கி. பொழுது சாய முந்தி பூட்டிருவோம், ஓடிப் போய் வாப்பாக்கிட்ட கேளுங்க."

ஓடினாள். இருளப்பன் மரத்தில் சாய்ந்து கண் மூடியிருந்தார்.

"அப்பா, நம்ம தோட்டத்துக்கு இங்கிலீசு பேரு என்னா?"

"சங்கிலித் தோட்டம்."

"அது தமிழ்ப்பா. இங்கிலீசுல."

"இங்கிலீசுலயும் சங்கிலித் தோட்டந்தான். எத்தன தொர வந்தான், எத்தன தொர போனான். எவன் எங்கிட்ட வந்து, 'இருளப்பா, தோட்டத்துக்கு இன்ன பேரு வச்சிருக்கேன், உனக்கு சம்மதமா'ன்னு கேட்டான்?" வெற்றிலையை ஓரங்கட்டினார். "பேரு இல்லன்னா படம் குடுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்களாம்."

"அப்ப உங்கம்மா?"

 கையிலிருந்த உறையைத் திருகினாள். திருகிய வாக்கில்தான் ஞாபகம் வந்தது. பிறப்புப் பத்திரத்தில் பிறந்த இடம் என்று ஒன்று போடுவார்களே! உருவி விரித்தாள். அப்பா பெயர், அம்மா பெயர், அதற்கு மேலே ஆபீஸ் கிளாக்கர் கையெழுத்தில்: ஆர்டன்மோர் தோட்டம், கீழ்ப்பிரிவு. எத்தனையோ தடவை இதைச் சோதனைச் சாவடிகளில் நீட்டியிருக்கிறாள். அம்மாவின் பெயரைத் தவிர வேறெதையும் அவள் வாசித்ததே இல்லை.

இரண்டாவது உருளை முதலாவதை விடப் பெரிதாக இருந்தது. விரிக்கும்போதே ஜமால்தீன் மூச்சைப் பிடித்துக்கொண்டார், ஓரம் பொடிந்துகொண்டிருந்தது. விரிந்ததும் சுகந்தினி குனிந்தாள். தோட்டம் அப்படியே கிடந்தது. நீலத்தில் ஆறு கீழே ஓடியது. குறுக்கே சின்னக் கோடாகச் சங்கிலிப் பாலம். சிவப்புப் பெட்டிகளாக லயங்கள். அவர்களுடைய லயமும் அதில் ஒரு சிவப்புப் பெட்டிதான். அதற்கு மேலே ஒற்றையடிப் பாதை. பாதை வளைந்து ஏறிப் போய் ஒரு கட்டத்துக்குள் நுழைந்தது. கட்டம் நிறையச் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னச் சிலுவைகள்.

"என்னாங்க எழுதியிருக்கு?"

ஜமால்தீன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். "கூலி பரியல் கிரவுண்ட். கூலிக்காரருட மையவாடி. ஒங்கட சுடுகாடு, மகள். அல்லாஹ் காப்பாத்தினான்."

அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. கட்டத்தின் மேல் கோட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டு போனாள். ஓடை வரைக்கும் வந்தது. திரும்பி இறங்கிற்று. மண் நிறக் கீறல்களால் வரைந்த ஒரு பாறையில் முட்டி நின்றது. நின்றேவிட்டது. பாறைக்கு அந்தப் பக்கம் பச்சை. பச்சைக்குள் ஓர் எண்.

"இந்தப் பச்ச என்னாங்க நானா?"

"ரப்பர் மல. நம்பர் போட்டீக்கி."

"சிலுவ போடலிங்களா?"

"இல்லயே. பாறையோட சரி."

வெள்ளைக்காரனுக்கு யார் சொன்னது? அன்றைக்கு இருந்த ஊர்ப் பெரியவர்களைத்தானே கேட்டு எழுதியிருப்பான்? எது வரைக்கும் சுடுகாடு என்றால், பாறை வரைக்கும்தான் துரை என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். அந்தப் பக்கம் அப்போதும் யாராவது ஒருத்தி கிடந்திருப்பாள். அவளைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிரதி எடுக்கலாமா என்று கேட்டாள்.  கம்பெனிகள் கொடுத்த சேகரிப்பு, கம்பெனியின் கடிதம் இல்லாமல் பிரதி கிடையாது என்றார் ஜமால்தீன்.

"கம்பெனிக்காரங்களுக்கு எதிராத்தாங்க வேணும்."

"அது தெரியாமலா நிக்கிறன்? இங்க பாருங்க, மூலையில வரைபட நம்பர் ஈக்கி. அத எழுதத் தடயில்ல. நம்பரக் கொண்டு லேபர் ஒபீஸ், கோட் எது கேட்டாலும் நாங்க எடுத்துக் காட்டித்தான் ஆவணும். ஒங்கட தொரைக்கும் அது தெரியும்."

எண்ணை எழுதினாள். பென்சில் இரண்டு தடவை முறிந்தது.

மாமரத்தடியில் இருளப்பன் எழுந்து நின்றார். "இருக்கா?"

"இருக்குப்பா. படத்துல இருக்கு."

"முருகா! அப்ப உங்கம்மா தப்பிச்சா." துண்டை வாங்கி முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அவள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள்.

பஸ்ஸில் ஒரு யோசனை வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இந்த எண்ணைக் கொடுத்தால் ஊரார் எல்லாருடைய அப்பனும் ஆத்தாளும் பிழைப்பார்கள், அம்மா மட்டும் போவாள். பாறைக்கு இந்தப் பக்கம் தோண்டக் கூடாது என்றாகிவிட்டால் மெஷின் நேரே அந்தப் பக்கம்தான் போகும். எண்ணைக் கொடுக்காவிட்டால் எல்லாரும் போவார்கள். போகட்டுமே. அம்மாவைத் தள்ளி வைத்தவர்கள்தானே? இப்படி நினைத்ததும் அவளுக்கே பயம் பிடித்தது. வழியில் பட்டாளத்தார் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். உறையைப் பிரித்துப் பார்த்த பையன் எண் எழுதிய தாளை எடுத்து, இதென்ன நம்பர் என்று சிங்களத்தில் கேட்டான். சுடுகாட்டு நம்பர் என்றாள். அவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். பறித்துக்கொண்டிருந்தால் நல்லது என்று ஒரு கணம் தோன்றியது.

பாலம் தாண்டி ஏறும்போதுதான் அப்பாவிடம் சொன்னாள். அவர் நடையை நிறுத்தவில்லை. வெகு தூரம் ஏறிய பிறகு கேட்டார்:

"பாறையோடயா நிக்கிது?"

"ஆமாப்பா."

"சரி. தலைவருகிட்ட நம்பரக் குடு. ஊரு சாபம் நமக்கு வேணாம்."

கொடுத்தாள். நல்லையா தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இருளப்பன் மக சாதிச்சிட்டாடா!" என்று லயம் முழுக்கக் கேட்கச் சொன்னார். அவள் உள்ளே போய் அடுப்பை ஊதினாள்.

வார முடிவில் மெஷின் வந்து பாலத்தடியில் நின்றது. மேட்டுக்குத் துரையும், கல் முதலாளியும், கணக்கப்பிள்ளையும் வந்தார்கள். கணக்கப்பிள்ளையின் தோளில், எல்லை போட, ஒரு கட்டு முளைக்குச்சிகள். ரப்பர் பால் வெட்டப் போகாமல் தோட்டமே ஏறி வந்திருந்தது.

"நம்பர விசாரிச்சது," என்றார் துரை, தனக்குத் தெரிந்த தமிழில். "கொழும்பு ஆபீசும் சரி சொன்னது. சுடுகாடு நாங்க தொட மாட்டேன். பாறை வரைக்கும் உங்களது. அங்கேயிருந்து கீழே மெஷின் வேலை செய்யும். சரிதானே நல்லையா?"

"சரிங்க தொர. ரொம்பப் புண்ணியமாப் போகும்."

கணக்கப்பிள்ளை பாறையடியில் முதல் முளையை வைத்துத் தட்டினான். பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இருளப்பன் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பேச மாட்டார் என்று சுகந்தினிக்குத் தெரிந்தது. இரண்டாவது முளை இறங்கியது. மூன்றாவதைக் கணக்கப்பிள்ளை கையில் எடுத்தான்.

"அங்கிட்டும் ஆளு இருக்காங்க."

யாரோ சொன்ன மாதிரி இருந்தது. எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் சொன்னது தான் என்று அவளுக்குத் தெரிந்தது. 

"எங்க அம்மா இருக்குங்க. அந்தப் பக்கம். இன்னும் நெறைய பேரு இருக்காங்க."

துரை நல்லையாவைப் பார்த்தார். "அந்தப் பக்கமும் சுடுகாடா?"

நல்லையா தலையைச் சொறிந்தார். கூட்டத்தைப் பார்த்தார். "சுடுகாடு இல்லீங்க தொர."

"அப்போ ஆள் புதைச்சது இல்லை?"

"அது... பொதைச்சிருக்குங்க. ஆனா சுடுகாடு இல்லீங்க."

"என்ன பேசுறது மனுஷன்? புதைச்சா சுடுகாடு. புதைக்காட்டி சுடுகாடு இல்லை."

"அப்படி இல்லீங்க தொர. இது வழக்கம். அவுங்கள நாங்க சேக்குறதில்லீங்க."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது. பால் வெட்டுக்காரி கருப்பாயி. "சேக்க மாட்டீங்க சரி, கெடக்குறாளா இல்லியா, அத சொல்லுங்க தலைவரே! எம்மருமக அங்கதான் கெடக்கா. நீங்கதானே முன்னுக்கு நின்னு குழி வெட்டச் சொன்னீங்க? இன்னைக்கு வாயில என்னா, அவலா?"

யாரோ சிரித்தார்கள், உடனே அடங்கினார்கள். நல்லையாவின் முகம் கறுத்தது. சுகந்தினி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர் தலைவர்.

"கெடக்குறாங்க தொர," என்றார் நல்லையா கடைசியில், மண்ணைப் பார்த்து. "கணக்கில்லாமக் கெடக்குறாங்க."

கல் முதலாளி துரையை ஓரமாக இழுத்தார். சிங்களத்தில் கிசுகிசுத்தாலும் எல்லாருக்கும் விளங்கியது. எலும்பு வந்தால் பொலிஸ் வரும், இந்தக் காலத்தில் யாருடைய எலும்பு என்று கேட்பார்கள், கோர்ட்டு வரும், பத்திரிகை வரும், மாதக்கணக்கில் மெஷினைக் கட்டி வைத்துவிடுவார்கள். எனக்கு வேண்டாம் இந்தத் துண்டு நிலம், கீழே தள்ளிக் கொடுங்கள். துரை தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். பிறகு கணக்கப்பிள்ளையைப் பார்த்துக் கையை வீசினார்.

"பிடுங்கு. கீழே வை."

"எது வரைக்கும் தொர?"

"அவங்ககிட்ட கேளு."

கணக்கப்பிள்ளை முளைகளைப் பிடுங்கிக்கொண்டு பாறையைத் தாண்டி இறங்கினான். பின்னால் சுகந்தினி இறங்கினாள். கருப்பாயி இறங்கினாள். மற்றவர்கள் பாறையோடு நின்றார்கள். முழங்கால் உயரத்துக்குப் புல்லும் கெக்கில்லைப் பெரணியும் மண்டிக் கிடந்தன. கல் இல்லை, மேடு இல்லை, அடையாளம் வைக்க யாரும் விட்டதில்லை. தன் அம்மாவின் இடம் அவளுக்குத் தெரியும். மற்றவர்கள்? கருப்பாயி மருமகளின் இடத்தைக் காலால் தடவித் தேடினாள். இங்கேயோ, இன்னும் கீழேயோ என்றாள். அவளுக்குக் கீழே யார், அவளுக்கும் முன்னே யார்?

"சீக்கிரம் சொல்லு புள்ள, வெயில் ஏறுது," என்றான் கணக்கப்பிள்ளை. "இங்க வைக்கவா?"

அம்மாவின் இடத்தைத் தாண்டிவிட்டார்கள். அது போதும். தலையாட்டிவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். மேலே முதலாளி நேரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றாள் சுகந்தினி.

அவன் இறங்கி வைத்தான்.

"இல்லீங்க. இன்னும் கீழ."